மறைவில் வாழ்ந்த இருவர்

ராமேசுவரத்தில் அக்னி தீர்த்தக் கரையிலிருந்து கோயிலுக்குப் போகும் வழியில் சங்குக் கடைகள் உண்டு. பெயர் பொறித்தது, மெருகேற்றியது, ஊதுவதற்கு வாய் அறுத்தது என்று கூடை கூடையாய் வைத்திருப்பார்கள். ஈரப் பாவாடையோடு அங்கே நின்ற ஒரு சிறுமி, சங்கு ஒன்றை எடுத்துக் காதில் வைத்து, கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இதுக்குள்ள யாருப்பா இருந்தாங்க?" என்றாள். "கடல்மா. கடல் சத்தம் அது" என்று சொல்லிவிட்டுத் தகப்பன் விலை பேசப் போய்விட்டார்.

அவள் கேட்டது, யார் என்று.

நாமும் அந்தத் தகப்பனைப் போலத்தான். பூசை அறையில் சங்கு இருக்கிறது. குழந்தைக்குப் பால் புகட்டச் சங்கடை இருந்தது. கடைசி ஊர்வலத்துக்கு முன்னால் ஊதிச் செல்லவும் சங்கு வேண்டும். தொட்டில் முதல் சுடுகாடு வரை கூடவே வரும் அந்த வெண்மைக்குள் ஒரு நத்தை வாழ்ந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் நினைத்துப் பார்த்திருப்போம்? மன்னார் வளைகுடாவின் மணல் தரையில் புழுக்களைத் தேடித் தின்று, கடல் நீரில் கரைந்திருந்த சுண்ணாம்பைத் துளித்துளியாய் எடுத்து, தன் மெல்லிய சதையின் விளிம்பால் வரி வரியாய்ப் பூசி, தானே சிற்பியாய், தானே கல்லாய், தானே குடியிருப்பவனாய் வாழ்ந்த உயிர் அது. கீழக்கரையிலும் தூத்துக்குடியிலும் மூச்சடக்கிச் சங்கு குளித்தவர்களுக்கு அந்த நத்தையைத் தெரியும். நமக்கு அதன் வீடு மட்டும்தான் தெரியும்.

வாசலில் நிற்கும் மரத்தின் கதையும் இதுதான். ஊட்டியில், கொடைக்கானலில், சென்னையின் பழைய பங்களாக்களில், கோபுரத்தின் நிலைகளைப் போல அடுக்கடுக்காய்க் கிளை விரித்து நிற்கும் மரத்தைக் 'கிறிஸ்துமஸ் மரம்' என்று சொல்லிக் கடந்துபோகிறோம். அதற்கு அரோகேரியா என்று பெயர். பசிபிக் தீவுகளிலிருந்து வந்த மரம். பூ பூக்காமல் கூம்பு காய்க்கும் தொன்மையான குலம். தென் கண்டங்கள் ஒன்றாய் ஒட்டிக் கிடந்த காலத்திலேயே அந்தக் குலம் காடாய் நின்றிருந்தது.

சங்குக்கு ஒரு தூரத்து உறவு உண்டு. வாசல் மரத்துக்கு ஒரு நெருங்கிய உறவு உண்டு. முன்னது இந்தியப் பெருங்கடலின் அடியில், சூரியனை அறியாத இருளில் இருக்கிறது. பின்னது ஆஸ்திரேலியாவின் ஒரு மலைப் பிளவுக்குள், வெளியுலகம் அறியாத நிழலில் நிற்கிறது. நம் காலம் வரை யார் கண்ணிலும் படாமல் வாழ்ந்து, கண்ணில் பட்டபின் அழிவின் பட்டியலில் ஏறிவிட்ட இந்த இருவரையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று நெடுநாளாக எனக்கு ஆசை.

முதலில் கீழே இறங்குவோம்.

மொரீஷியஸ் தீவைத் தாண்டித் தென்கிழக்கே போனால், மூன்று பெரும் நிலத்தட்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும் முச்சந்தி ஒன்று கடலடியில் இருக்கிறது. அங்கே பூமியின் தோல் கிழிந்தபடியே இருக்கிறது. கிழிசல் வழியே உள்ளிறங்கும் கடல்நீர், கீழே உள்ள அனலைத் தொட்டு, வழியில் பாறையின் உலோகங்களைக் கரைத்துக்கொண்டு, 360 டிகிரி அளவுக்குச் சூடேறி மேலே பீறிடுகிறது. நம் வீட்டு அடுப்பில் தண்ணீர் 100 டிகிரியில் கொதித்துவிடும். அங்கே மேலிருக்கும் நீரின் பாரம் அதைக் கொதிக்க விடுவதில்லை. உறைநிலையை ஒட்டிய குளிர்ந்த ஆழ்கடலை அது தொட்ட கணத்தில், கரைந்திருந்த உலோகமெல்லாம் கரும்புகையாய்த் திரண்டு எழுகிறது. படிந்து படிந்து அந்தப் புகையே புகைபோக்கியாகிறது. மேலே 2400 மீட்டர் தண்ணீர். ஒரு கட்டைவிரல் நகத்தளவு இடத்தின் மேல் கால் டன் எடை. வெளிச்சம் ஒரு துளியும் இல்லை. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு மட்டும் தாராளம். உயிர்களுக்கு நஞ்சு அது.

ஒரு தச்சனிடம் இந்த இடத்தைக் காட்டி, இங்கே ஒரு வீடு கட்டிக் கொடு என்று கேட்டால் உளியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவிடுவான். படைப்பு ஓடவில்லை. அங்கே ஒரு நத்தையைக் குடிவைத்தது.

கைரேய் என்று பெயரிடப்பட்ட அந்த ஊற்றுத் திடலில் 2001ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் இயந்திரக் கையை நீட்டி அள்ளியபோது அது அகப்பட்டது. உள்ளங்கைக்குள் அடங்கும் உடம்பு. மிகப் பெரியதே நாலரை சென்டிமீட்டர்தான். ஆனால் அதன் பாதத்தைப் பார்த்தவர்கள் திகைத்துப்போனார்கள். நத்தையின் பாதம் என்றால் வழுவழுப்பான சதை. இதன் பாதத்திலோ பக்கங்களெங்கும் நூற்றுக்கணக்கான செதில்கள், ஓடு வேய்ந்த கூரையைப் போல ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி, கறுத்துப் பளபளத்தன. ஆங்கிலத்தில் இதைச் செல்லமாகக் 'கடல் அலங்கு' என்கிறார்கள். நம் காடுகளில் செதில் போர்த்தி, தொட்டால் சுருண்டுகொள்ளும் அலங்கைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரின் பொருத்தம் புரியும். முறையான அறிவியல் பெயர் கிடைக்க 2015 வரை ஆயிற்று. கிரைசோமல்லான் ஸ்குவாமிஃபெரம். முன்பாதி கிரேக்கம், பொன்மயிர் என்று பொருள். பின்பாதி லத்தீன், செதில் தாங்கி.

அந்தச் செதில்களின் கறுப்பு, இரும்பு. உலகில் எத்தனையோ உயிர்கள் சுண்ணாம்பால் ஓடு கட்டுகின்றன, சில மணற்சத்தால் கட்டுகின்றன. இரும்பு சல்ஃபைடை உடுத்திக்கொள்ளும் விலங்கு என்று நாம் அறிந்தது இது ஒன்றைத்தான். காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் நத்தை ஒட்டிக்கொள்கிறது!

ஓட்டையும் பாருங்கள். மூன்று அடுக்கு. வெளியே இரும்பு சல்ஃபைடின் மெல்லிய பூச்சு. நடுவில் தோல் போன்ற, அழுத்தினால் நெகிழ்ந்து கொடுக்கும் தடித்த படலம். உள்ளே நம் பூசை அறைச் சங்கைப் போலவே சுண்ணாம்பு. 2010இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பொறியாளர்கள் இதை வைரமுனையால் அழுத்திச் சோதித்தார்கள். வெளிப்பூச்சில் விழும் விரிசல் ஒரே கோடாய் ஓடிப் பிளக்காமல், நுண்ணிய கீறல்களாய்ச் சிதறி அடியின் வேகத்தைத் தின்றுவிடுகிறது. நடுப்படலம் மிச்சத்தை வாங்கிக்கொள்கிறது. உள்ளே இருக்கும் சதைக்குச் சேதி போவதேயில்லை. படைவீரர்களின் கவசத்துக்கு இதிலிருந்து பாடம் எடுக்கலாமா என்றுகூட யோசித்தார்கள். மனிதனுக்கு முதலில் அதுதான் தோன்றுகிறது, என்ன செய்வது!

செதில்களைப் பற்றி அதைவிட எனக்குப் பிடித்த செய்தி 2019இல் வந்தது. அவை பகைவரைத் தடுக்க எழுந்த கவசமாகவே இருக்க வேண்டியதில்லையாம். நத்தையின் உடம்பில் தங்கினால் கேடு செய்யும் கந்தகம், செதில்களுக்குள் ஓடும் நுண்ணிய குழல்கள் வழியே வெளியே தள்ளப்படுகிறது. வெளியே ஊற்றுநீரில் இரும்பு மிதக்கிறது. இரண்டும் செதிலுக்குள் சந்தித்துக் கைகோக்கின்றன. விலக்கிய நஞ்சே மெருகாய்ப் படிகிறது. சாலிட்டேர் என்ற இன்னொரு ஊற்றில் நீரில் இரும்பு குறைவு. அங்கே இதே நத்தை வெள்ளைச் செதிலோடு, இரும்பே இல்லாமல், குறை ஒன்றும் இல்லாமல் வாழ்கிறது. ஊருக்குத் தக்க உடை.

சரி, அது என்ன சாப்பிடுகிறது? வாய் இருக்கிறது. ஆனால் இரை தேடி மேயும் வேலை அதற்கு இல்லை. குடல் சுருங்கிச் சிறுத்துவிட்டது. தொண்டையை அடுத்த ஒரு சுரப்பி மட்டும் பிற நத்தைகளில் பெரும்பாலும் காணாத அளவுக்குப் பருத்து, உள்ளே கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் குடியிருக்கும் சத்திரமாகியிருக்கிறது. ஊற்றின் நஞ்சான சல்ஃபைடிலிருந்து அந்த நுண்ணுயிர்கள் உணவு சமைக்கின்றன. நத்தை உண்கிறது. பதிலுக்கு, அடுப்பெரியக் காற்று வேண்டுமே, குடியிருப்பவர்களுக்கு உயிர்வளியை இறைத்துக் கொடுக்க நத்தை ஒரு பேரிதயத்தை வளர்த்திருக்கிறது. உடம்பின் பருமனில் நூற்றில் நான்கு பங்கு இதயம். மனித உடம்பில் அது ஒன்றரைப் பங்கைத் தொடாது. தனக்கென்று பார்த்தால் இத்தனை பெரிய இதயம் அந்தச் சிற்றுயிருக்குத் தேவையே இல்லை. விருந்தாளிகளுக்காகத் துடிக்கிறது அது. கண்ணும் இல்லை, அந்த இருளில் கண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இனி மேலே வருவோம். கண்கள் கூசட்டும்.

சிட்னி நகரிலிருந்து வடமேற்கே, 200 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில், ஐந்து லட்சம் ஹெக்டேர் மலைக்காடு ஒன்று தேசியப் பூங்காவாய் விரிந்து கிடக்கிறது. மணற்பாறை மலைகளை ஆறுகள் யுக யுகமாய் அறுத்து அறுத்து, நூற்றுக்கணக்கான பிளவுகளை உண்டாக்கியிருக்கின்றன. சில இடங்களில் வானம் ஒரு நாடா அளவுதான் தெரியும். 1994 செப்டம்பரில் டேவிட் நோபிள் என்ற பூங்கா ஊழியர், விடுமுறை நாளில் கயிறு கட்டி அப்படியொரு பிளவுக்குள் இறங்கினார். கீழே பழகாத மரங்கள் நின்றன. அவருக்குச் செடிகொடி தெரியும், இது தெரியவில்லை. விழுந்து கிடந்த ஒரு கிளையை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். காட்டியவுடன் பெரணியாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டார்கள். கடைசியில் தெரிந்தது, கல்லில் மட்டுமே பார்த்திருந்த ஒரு மரக்குலம் உயிரோடு நிற்கிறது என்று.

அதன் மகரந்தத்தை நிலவியல் அறிஞர்கள் முன்பே பார்த்திருந்தார்கள். ஆஸ்திரேலியாவிலும் அண்டார்டிகாவிலும் பழைய படிவங்களுக்குள், ஒன்பது கோடி ஆண்டுகளுக்கு முந்தைய அடுக்குகள் தொடங்கி, அந்தத் துகள் கிடந்தது. எந்த மரம் உதிர்த்தது என்று தெரியாமலே அதற்கு ஒரு பெயரும் சூட்டி வைத்திருந்தார்கள். இருபது லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால் அந்தத் தடமும் மங்கி மறைந்தது. காலடித் தடம் முதலில் கிடைத்து, நடந்தவர் பிறகு நேரில் வந்து நின்றதுபோல ஆயிற்று. டைனோசர்கள் நிழலுக்கு ஒதுங்கிய மரக்குலம், வானூர்திகள் இறங்கும் பெருநகரத்தின் அண்டையிலேயே மூச்சுக்காட்டாமல் நின்றிருந்தது.

வொலமை பைன் என்று அதற்குப் பெயர். பைன் என்பது ஒப்புக்குத்தான். நம் வாசல் அரோகேரியாவின் குடும்பம் அது. வொலமை என்பது காட்டின் பெயர், அந்த மண்ணின் ஆதிக்குடிகளான தர்கின்ஜுங் மக்களின் சொல். பொருள் என்ன தெரியுமா? சுற்றிலும் பார், கண்ணைத் திறந்து வை, கவனமாய் இரு. ஊருக்கே அப்படிப் பெயர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அத்தனை காலமும் நாம் அதை ஒரு பெயர் என்று மட்டும் படித்துக்கொண்டிருந்தோம்.

நாற்பது மீட்டர் உயரம் வளரக்கூடியது. பட்டையைப் பார்த்தால், கொதித்துக் குமிழிட்டு நிற்கும் வெல்லப்பாகு அப்படியே இறுகிப்போனது போல இருக்கும். குளிர்காலத்தில் ஒவ்வொரு கிளையின் நுனிக்குருத்துக்கும் வெண்ணிற மெழுகுத் தொப்பி ஒன்றை மரம் அணிவித்துவிடுகிறது. பனியுகங்களைத் தாண்டிவந்த பழக்கமாக இருக்கலாம். உச்சியில் பெண் கூம்புகள், கீழே ஆண் கூம்புகள், நடுவே காற்று தூதுபோகிறது. ஒரு கிளை ஒரே ஒரு கூம்பைத் தன் நுனியில் தாங்கும். கூம்பு முதிர்ந்ததும் தன் வேலை முடிந்தது என்று கிளை முழுதாய்க் கழன்று விழுந்துவிடும். இலையை உதிர்க்கும் மரங்களை நாம் அறிவோம். இது கிளையையே உதிர்க்கிறது.

விதைகளில் பெரும்பாலானவை பதர். முளைத்த கன்றுகளும் அந்தப் பிளவின் அரையிருட்டில் விரலளவு வளர்ந்து, மேலே ஒரு பெரிய மரம் விழுந்து வெளிச்சம் திறக்கும் நாளுக்காக ஆண்டுக்கணக்கில் காத்து நிற்கும். அதனால் மரம் விதையை மட்டும் நம்பியிருப்பதில்லை. அடியிலிருந்து புதுத் தண்டுகளைக் கிளப்பிக்கொண்டே இருக்கிறது. ஒரு தண்டு சாய்ந்தால் இன்னொன்று. வாழைத்தாரை வெட்டிய பின் பக்கக்கன்று தலைதூக்குவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதில்லை. வாழை ஆண்டுக்கணக்கில் செய்வதை இது நூற்றாண்டுக் கணக்கில் செய்கிறது. மேலே தெரியும் தண்டின் வயது வேறு, கீழே அதைத் தாங்கும் வேரின் வயது வேறு.

மரபணுக்களைப் படித்தவர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். இந்த மரத்துக்கும் அந்த மரத்துக்கும் வேறுபாடு கிட்டத்தட்ட இல்லை. ஒரே முகத்தை எல்லாரும் அணிந்துகொண்டு நிற்கும் ஒரு குடும்பம். அழகாய்த்தான் இருக்கிறது, நோய் ஒன்று வரும்வரை. ஒருவரை வீழ்த்தத் தெரிந்த கிருமிக்கு எல்லாரையும் வீழ்த்தத் தெரியும். இயற்கைக் காட்டில் முழு வளர்ச்சி அடைந்தவை நூற்றுக்கும் குறைவு.

இந்த இருவரையும் நான் பக்கத்தில் வைத்துப் பார்க்க நினைத்தது எண்ணிக்கைக்காக இல்லை. நெருப்பு இருவரையும் எப்படித் தொட்டது என்பதற்காக.

நத்தைக்கு நெருப்பு தாய். பூமியின் அடிவயிற்று அனல் ஊற்றெடுக்கும் இடம் எதுவோ அதுவே அதற்கு ஊர். ஆனால் அந்த அடுப்பு நிரந்தரமில்லை. ஊற்றுகள் சில பத்தாண்டுகளிலோ சில நூற்றாண்டுகளிலோ அடைத்துக்கொள்ளும். அடுப்பு அணைந்தால் அதைச் சுற்றி இருந்த ஊரே மடியும். அதற்குள் இளங்குஞ்சுகள், தாய் முட்டையில் கட்டிக் கொடுத்த கட்டுச்சோற்றை மட்டும் நம்பி, கரும் நீரோட்டத்தில் மிதந்து போய், எங்கோ எரியும் இன்னொரு அடுப்பைக் கண்டடைய வேண்டும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பாலைவனத்தில் ஒற்றை விளக்கைத் தேடுவதுபோல. எத்தனை போகின்றன, எத்தனை சேர்கின்றன! சேர்ந்த சிலவற்றின் பிள்ளைகள்தான் இன்று இருப்பவை. ஆணும் பெண்ணும் ஒரே உடம்பில் இருக்கும்படி அது அமைந்திருப்பதை நினைக்கும்போது எனக்கு மனம் கனிகிறது. அந்த வனாந்தரத்தில் எதிர்ப்படும் துணை யாராக இருந்தாலும் துணைதான்.

மரத்துக்கு நெருப்பு எமன். கண்டம் காய்ந்தது, மழைக்காடுகள் சுருங்கின, தீயோடு பழகிய யூக்கலிப்டஸ் எங்கும் பரவியது. ஈரம் தேடிய பழைய மரங்கள் பின்வாங்கிப் பின்வாங்கி, தீ எட்டாத பிளவுகளுக்குள் ஒடுங்கின. நத்தை ஊர் ஊராய்க் குடிபெயர்ந்தது. மரம் நின்ற இடத்தில் நிற்க, உலகம் அதைச் சுற்றி மாறியது.

2019ஆம் ஆண்டின் பெரும் வறட்சியில், அக்டோபர் இறுதியில், காஸ்பர்ஸ் மலையில் மின்னல் விழுந்து பற்றிய தீ மூன்று மாதம் எரிந்தது. ஐந்து லட்சம் ஹெக்டேருக்கு மேல் சாம்பல். தீ அந்தப் பிளவை நோக்கி வந்தபோது, கோடிக்கணக்கான ஆண்டுகளில் முதல் முறையாக அந்த மரங்களுக்காக யாரோ ஓடினார்கள். ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் தீயணைப்பு வீரர்களை இறக்கினார்கள். ஓடை நீரை இறைத்து வேர்க்கால்களை நனைக்கக் குழாய்கள் போட்டார்கள். விமானங்கள் சுற்றிலும் தீத்தடுப்புக் கரைசலைக் கொட்டின. தீ பிளவுக்குள்ளும் இறங்கி வந்து போனது. சில மரங்கள் கருகின. ஆனால் தோப்பு நின்றது. மரங்கள் பிழைத்த பின்புதான், 2020 ஜனவரியில், அப்படி ஒரு முயற்சி நடந்த செய்தியையே அரசு வெளியே சொன்னது.

சொல்லாததற்குக் காரணம் உண்டு. அந்தத் தோப்பு இருக்கும் இடம் இன்றுவரை இரகசியம். ஆனாலும் யாரோ தேடிக் கண்டுபிடித்துப் போயிருக்கிறார்கள். 2005இல் வேரை அழுகச் செய்யும் நுண்ணுயிர் அந்த மண்ணில் காணப்பட்டது. அனுமதியின்றிப் போனவர்களின் காலணி மண்ணில் ஒட்டி வந்திருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். அவர்களும் ஆசையால்தான் போயிருப்பார்கள், வணங்கத்தான் போயிருப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு செருப்பின் அடிமண்ணுக்குள் ஒரு குலத்தின் முடிவு ஒட்டிக்கொண்டு போக முடியும்.

அதனால் வேறொரு வழியையும் தேடினார்கள். மரத்தை ஒளித்துக்கொண்டே, அதன் பிள்ளைகளை ஊரெங்கும் கொடுத்தார்கள். கிளைத்துண்டுகளை நட்டு வளர்த்த கன்றுகள் 2005இல் ஏலத்துக்கு வந்தன. பிறகு நாற்றுப் பண்ணைகளில் விற்பனைக்கே வந்தன. இன்று உலகின் பல தாவரவியல் தோட்டங்களிலும் சாதாரண வீட்டுக் கொல்லைகளிலும் அது வளர்கிறது. காசு கொடுத்தால் கிடைக்கும் என்றான பிறகு, திருடுவதற்கு யார் மலை இறங்குவார்கள்? இதைச் செய்தவர்களின் உலகியல் அறிவை நான் மெச்சுகிறேன்.

நத்தைக்கு அந்த வழி இல்லை. அந்த அழுத்தத்தையும் அனலையும் நஞ்சையும் எந்தத் தோட்டத்தில் அமைப்பது? மேலே கொண்டுவந்தால் செத்துவிடும். செத்தபின் அந்த இரும்பு காற்றுப்பட்டுத் துருவேறிவிடும். சங்கைப் போல எடுத்துத் துடைத்துப் பூசையறையில் வைக்க முடியாத ஓடு அது.

அதற்கு வந்த ஆபத்தும் வேறு வகை. கரும்புகை ஊற்றுகள் கொட்டிக் குவித்த படிவங்களில் செம்பும் துத்தநாகமும் வெள்ளியும் தங்கமும் இருக்கின்றன. மின்கம்பிக்கும் மின்வண்டிக்கும் நமக்குச் செம்பு வேண்டும். எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத ஆழ்கடல் தரைக்கு, ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் இருக்கும் பன்னாட்டுக் கடற்படுகை ஆணையம் காவல். இந்தியப் பெருங்கடல் முகடுகளில் படிவங்களைத் தேடிப் பார்க்க அது சீனாவோடும் ஜெர்மனியோடும் ஒப்பந்தம் செய்திருக்கிறது. 2016இல் இந்தியாவோடும் செய்தது: 10,000 சதுர கிலோமீட்டர், 15 ஆண்டுகள். அங்கே இறங்கிப் பார்ப்பதற்கான மத்ஸ்யா 6000 என்ற மூவர் செல்லும் நீர்மூழ்கியைச் சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம்தான் உருவாக்கி வருகிறது. இந்தியாவின் ஒப்பந்தப் பரப்பும் நத்தையின் வீடும் ஒன்றே என்று நான் சொல்ல வரவில்லை. அதே முகட்டு வரிசை, அதே ஊற்றுகளின் தெரு. வேளச்சேரியிலிருந்து தாம்பரம் போகும் பேருந்தில் உட்கார்ந்தபடி அந்த வளாகத்தைக் கடக்கும்போதெல்லாம், இந்தக் கதை எங்கோ தொலைவில் நடக்கிறது என்று என்னால் நினைக்க முடிவதில்லை.

2019 ஜூலையில் அந்த நத்தையைப் பன்னாட்டுச் செம்பட்டியலில் 'அழியும் நிலையில்' என்று ஏற்றினார்கள். ஆழ்கடல் சுரங்க ஆபத்தைக் காரணம் காட்டிப் பட்டியல் ஏறிய முதல் உயிர் அதுதான். அப்போது அது வாழ்வதாகத் தெரிந்த இடங்கள் மூன்று. மூன்றையும் சேர்த்தால் பரப்பு இரண்டு ஹெக்டேர், நம் கணக்கில் ஐந்து ஏக்கர். ஒரு நடுத்தர விவசாயியின் நிலம். பிற்பாடு அதே முகடுகளில் வேறு சில ஊற்றுகளிலும் தென்பட்டிருக்கிறது. என்றாலும் அத்தனையையும் ஒரு கிராமத்து எல்லைக்குள் அடக்கிவிடலாம். இந்தியப் பெருங்கடலின் பரப்பு ஏழு கோடி சதுர கிலோமீட்டர். அதற்குள் ஒரு கிராமம். அங்கே இன்னும் யாரும் தோண்டத் தொடங்கவில்லை. தோண்டுவதற்கான விதிகள் பேச்சிலேயே இருக்கின்றன. வந்த அடியைத் தாங்க நத்தைக்கு மூன்றடுக்கு ஓடு உண்டு. நண்டின் கிடுக்கியை அது தாங்கும். புகைபோக்கியையே பெயர்த்தெடுக்கும் இரும்புப் பல்லை நினைத்து அந்த ஓடு வனையப்படவில்லை.

மரத்துக்கு மறைவு காப்பாக இருந்தது. இன்றும் அதை மறைத்தே காக்கிறார்கள். நத்தைக்கோ மறைவே ஆபத்து. இரண்டரைக் கிலோமீட்டர் நீருக்கடியில் எது உடைந்தாலும் சத்தம் கேட்காது, புகை தெரியாது, யாரும் கயிற்றில் இறங்கி ஓடிவர மாட்டார்கள். அதற்கு வேண்டியது பலர் கண்ணிலும் பேச்சிலும் படுவது. ராமேசுவரத்துச் சிறுமி கேட்டாளே, அந்தக் கேள்வியை இன்னும் பலர் கேட்பது.

வொலமைத் தோப்புக்கு இன்று ஆய்வுக்காகப் போகிறவர்களுக்கு ஒரு நியமம் இருக்கிறது. உள்ளே காலெடுத்து வைக்கும் முன் காலணியின் அடியைத் தேய்த்துக் கழுவி, கிருமிநாசினியில் நனைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். கருவிகளையும் அப்படியே. அந்தக் காட்சியைப் பற்றி முதலில் படித்தபோது எனக்கு நம் ஊர்க் கோயில் வாசல்தான் நினைவுக்கு வந்தது. குழாயடியில் வேட்டியைச் சற்று தூக்கிப் பிடித்து, ஒரு காலால் மறுகாலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு, நனைந்த பாதம் கல்லில் பதிய உள்ளே போவோமே, அது. யாரும் சொல்லிக் கொடுக்காமலே நாம் செய்வது.

கடலடியில் அப்படி ஒரு வாசல் இன்னும் இல்லை. இறங்கப்போகும் இயந்திரங்களுக்குக் காலும் இல்லை, சங்கிலிச் சக்கரம்தான். அவை நிற்க வேண்டிய படி எது, திரும்ப வேண்டிய எல்லை எது என்று கிங்ஸ்டனில் ஆண்டுதோறும் கூடிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.